விரல்நுனி ஆக்சிமீட்டர்: அம்மாவுக்கு நிமோனியா வந்த மூன்று வாரமும் கூடவே இருந்த கருவி

அம்மாவுக்கு வயது 74. ஃப்ளூ வந்து, தணிந்து, ஒரு நாள் நன்றாக இருந்துவிட்டு, மறுநாளே நிமோனியாவாகத் திரும்பியது. அந்த ராத்திரி முழுக்க இந்தக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டுதான் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். விரலில் கிளிப் போல மாட்டும் சாதாரண வகை. இரண்டு பேட்டரி, ஒரு பொத்தான், ஒரு சின்னத் திரை, அவ்வளவுதான். மூன்று வாரத்தில் நூறு தடவைக்கு மேல் மாட்டியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் நேரம் போட்டு நோட்டில் எழுதி வைத்தேன். பள்ளியில் உயிரியல் பாடம் எடுக்கிறவள் என்பதால் எழுதிவைப்பது கைப்பழக்கமாகிவிட்டது. அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருவி நல்ல கருவி, வீட்டில் வயதானவர்கள் இருந்தால் வாங்கி வைக்கலாம். ஆனால் இது காட்டும் எண் நன்றாக இருக்கிறது என்பதை வைத்து நுரையீரல் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டினால் ஆபத்து. நுரையீரல் நிறைய இழந்த பிறகுதான் இந்த எண் இறங்கத் தொடங்கும். அதற்குப் பல மணி நேரம் முன்பே எங்கள் நோட்டில் வேறோர் எண் ஏறிக்கொண்டிருந்தது. அதை எடுக்கக் கருவியே வேண்டாம், நொடிமுள் இருக்கும் கடிகாரம் போதும்.

கருவியைப் பற்றி முதலில். ரப்பர் பிடி மென்மையாக இருக்கிறது, வயதானவர்களின் மெல்லிய தோலில் அழுத்தத் தழும்பு விழவில்லை. திரையில் இரண்டு பெரிய எண்கள்: மேலே ஆக்சிஜன் செறிவு, கீழே நாடித்துடிப்பு. ஓரத்தில் துடிப்புக்கு ஏற்ப ஏறி இறங்கும் ஒரு பட்டை. அந்தப் பட்டையை யாரும் கவனிப்பதில்லை, ஆனால் எனக்கு அதுதான் மிகவும் பயன்பட்டது. பட்டை ஒரே சீராக ஏறி இறங்கினால்தான் மேலே உள்ள எண்ணை நம்பலாம். அது தள்ளாடினால் எண்ணும் பொய். மாட்டிய முதல் ஐந்து பத்து நொடியில் வரும் எண்ணை நான் எழுதுவதே இல்லை. ஐந்து நிமிஷம் சும்மா உட்காரவைத்து, கையை மார்பு உயரத்தில் ஓய்வாக வைத்து, மாட்டிய பிறகு ஒரு நிமிஷம் முழுதாகப் பொறுத்து, எண் நிலைத்து நின்ற பிறகுதான் எழுதுவேன்.

இரண்டாம் நாள் காலையில் திடீரென்று 89 காட்டியது. வயிற்றைப் பிசைந்தது. அம்மாவின் விரலைத் தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருக்கிறது. இரண்டு கையாலும் தேய்த்துச் சூடாக்கி, நடுவிரலில் மாட்டியதும் 97. விரலில் ரத்த ஓட்டம் குறைந்தால் கருவிக்குப் படிக்க ஒன்றும் கிடைக்காது. நகப்பூச்சு இருந்தாலும், கை நடுங்கினாலும் இதே கதைதான்.

ஏன் இப்படி என்பதற்கு உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. கிளிப்பின் ஒரு பக்கத்திலிருந்து இரண்டு விளக்குகள் மாறி மாறி எரிகின்றன. ஒன்று சுமார் 660 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பு, இன்னொன்று சுமார் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு. ஆக்சிஜனைப் பிடித்திருக்கும் ஹீமோகுளோபின் அகச்சிவப்பை அதிகம் விழுங்கும், ஆக்சிஜனை விட்டுவிட்டது சிவப்பை அதிகம் விழுங்கும். மறுபக்கம் வந்துசேரும் ஒளியை வைத்து எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று கணக்குப் போடுகிறது. சரி, ஆனால் விரலில் தோல் இருக்கிறது, எலும்பு இருக்கிறது, சிரை ரத்தமும் இருக்கிறது. எல்லாமே ஒளியை விழுங்கும். தமனி ரத்தத்தை மட்டும் எப்படிப் பிரிப்பது? ஜப்பானின் நிஹான் கோடன் நிறுவனத்தில் வேலை பார்த்த டகுவோ அயோயாகி 1970களின் தொடக்கத்தில் இதற்கு வழி கண்டார். துடிக்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொள், துடிக்காததைக் கழித்துவிடு. தமனி ரத்தம்தானே துடிப்போடு ஏறி இறங்குகிறது! இவ்வளவு எளிமையான யோசனை எத்தனை உயிரைக் காப்பாற்றியிருக்கிறது என்று நினைத்தால் எனக்கு அந்த மனிதர்மேல் பெரிய மரியாதை. 2020இல், உலகமே அவருடைய கருவியை விரலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த காலத்தில், அவர் காலமானார்.

இப்போது நோட்டுக்கு வருகிறேன்.

முதல் நான்கு நாள் ஃப்ளூ. காய்ச்சல், உடம்புவலி, வறட்டு இருமல். செறிவு 97, 98. மூச்சு நிமிஷத்துக்கு 18, 20. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. ஆறாம் நாள் அம்மா எழுந்து உட்கார்ந்து பேப்பர் படித்தார். கருவி 98 காட்டியது. நானும் நிம்மதியாகத் தூங்கப் போனேன்.

அந்த 98க்குப் பின்னால் நுரையீரலில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை நான் வகுப்பில் வருஷாவருஷம் சொல்லித் தருகிறவள். வீட்டில் நடந்தபோது மனம் அந்தப் பக்கம் போகவே இல்லை.

நம் மூச்சுக்குழாயின் உட்சுவரில் நுண்ணிய ரோமங்கள் உண்டு, குற்றிழைகள் என்பார்கள். ஒரு செல்லுக்குச் சுமார் 200. நொடிக்குப் பத்து, இருபது தடவை எல்லாம் ஒரே திசையில் அடித்து, மேலே படர்ந்திருக்கும் சளிப்படலத்தைத் தொண்டைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். மூச்சோடு உள்ளே போகும் தூசியும் கிருமியும் அந்தச் சளியில் ஒட்டி மேலே வந்துவிடும், நாம் அறியாமலே விழுங்கிவிடுவோம். இருபத்துநாலு மணி நேரமும் நடக்கும் இந்தத் துப்புரவு வேலைக்குக் கூலியும் கிடையாது, பேரும் கிடையாது. ஃப்ளூ வைரஸ் குடியேறுவது இந்தச் செல்களில்தான். அவை செத்து உதிரும்போது சுவர் மொட்டையாகிவிடும். காய்ச்சல் விட்ட பிறகும் வாரக்கணக்கில் இருமல் நிற்காததற்கு இதுவும் ஒரு காரணம். ரோமம் செய்ய வேண்டிய வேலையை இருமல் செய்கிறது.

இன்னும் கீழே போனால் காற்று நுண்ணறைகள். ஒரு மனிதருக்கு முப்பது கோடிக்கும் மேல். ஒவ்வொன்றின் சுவரும் ஒரு மைக்ரோமீட்டரைவிட மெல்லியது, அந்தப் பக்கம் ரத்தம், இந்தப் பக்கம் காற்று. இவ்வளவு மெல்லிய இடத்தில் பெரிய சண்டை போட்டால் சுவரே கிழிந்துவிடும். அதனால் அங்கே நிறுத்தப்பட்டிருக்கும் காவல், சத்தம் போடாத காவல். நுண்ணறை மேக்ரோபேஜ்கள் என்று பெயர். பிறக்கும் காலத்தையொட்டியே நுரையீரலில் வந்து குடியேறி, அங்கேயே தங்களைப் பெருக்கிக்கொண்டு, அங்கேயே காலம் தள்ளுபவை. தப்பி வரும் ஒன்றிரண்டு கிருமியை அழற்சி எதுவும் கிளப்பாமல் விழுங்கிவிடும். பழைய சர்ஃபாக்டன்ட்டையும் தின்று அப்புறப்படுத்தும். நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழுவழுப்பான பொருள்தான் சர்ஃபாக்டன்ட்.

கடுமையான ஃப்ளூவில் இந்த மேக்ரோபேஜ்களும் குறைந்துவிடுவதை எலிகளில் வைத்துத் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள். மிஞ்சியவையும் பழைய வேகத்தில் பாக்டீரியாவை விழுங்குவதில்லை. வைரஸை அடக்க உடம்பு சுரக்கும் இன்டர்ஃபெரான்களே பாக்டீரியாவுக்கு எதிரான கையைக் கொஞ்சம் கட்டிப்போடுகின்றன. போதாததற்கு, வைரஸின் நியூராமினிடேஸ் நொதி செல்களின் மேலிருக்கும் சியாலிக் அமிலத்தை அறுத்துவிடுவதால், பாக்டீரியா ஒட்டிக்கொள்ள இடம் திறந்துகிடக்கும். மூக்கிலும் தொண்டையிலும் தொந்தரவு தராமல் இருந்துவந்த நியூமோகாக்கஸ் என்ற பாக்டீரியா கீழே இறங்க இதைவிட நல்ல சமயம் அமையாது. வைரஸ் வந்து ஏறத்தாழ ஒரு வாரத்தில் இந்த ஆபத்து உச்சத்தில் இருக்கும். அதாவது, நோயாளி ‘தேறிவிட்டேன்’ என்று சொல்லும் அதே சமயத்தில். 1918 பெருந்தொற்றில் இறந்தவர்களின் பாதுகாத்து வைத்த நுரையீரல் திசுக்களைப் பின்னாளில் ஆராய்ந்தபோது, பெரும்பாலானவர்களின் உயிரைப் பறித்தது ஃப்ளூவின் பின்னால் வந்த பாக்டீரியா நிமோனியா என்றுதான் தெரிந்தது.

இந்தக் கருவி 98 காட்டிய ஆறாம் நாள் அம்மாவின் நுரையீரல் அப்படித் திறந்துகிடந்தது. அதைச் சொல்ல இதில் வழியே இல்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை, அது இதன் வேலையே கிடையாது. ஆனால் பெட்டிக்குள் வரும் கையேட்டில் ஒரு வரி போட்டிருக்கலாம்.

ஏழாம் நாள் சாயங்காலம் அம்மாவுக்குக் குளிர் நடுக்கம் கண்டது. நோட்டில் உள்ளதை அப்படியே தருகிறேன்.

மாலை 6:10. செறிவு 96. நாடி 104. மூச்சு 24. வலது விலாவில் மூச்சு இழுத்தால் குத்துகிறது என்கிறார்.

இரவு 9:45. செறிவு 96. நாடி 110. மூச்சு 28.

இரவு 1:05. செறிவு 95. நாடி 116. மூச்சு 32.

செறிவை மட்டும் பாருங்கள். ஏழு மணி நேரத்தில் ஒரே ஒரு புள்ளி இறங்கியிருக்கிறது. கருவியிலேயே இரண்டு புள்ளி முன்பின் இருக்கும் என்பதால் அது இறக்கம் என்றுகூடச் சொல்ல முடியாது. மூச்சோ 24இலிருந்து 32க்குப் போயிருக்கிறது. மருத்துவமனை உதவி எண்ணுக்குக் கூப்பிட்டேன். எடுத்த செவிலியர், “95 நல்ல எண்தான்மா, காலையில கூட்டிட்டு வாங்க” என்றார். “சிஸ்டர், மூச்சு முப்பத்திரண்டு. முழு நிமிஷம் எண்ணினேன், ரெண்டு தடவை” என்றேன். அந்தப் பக்கம் ஒரு கணம் பேச்சில்லை. வயதைக் கேட்டார், பேச்சில் குழறல் இருக்கிறதா, ஆளை அடையாளம் தெரிகிறதா என்று கேட்டார். அப்புறம், “உடனே கிளம்புங்க” என்றார். அவருக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

95இல் அப்படி என்ன ஏமாற்று இருக்கிறது? ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் விதம் அப்படி. ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 100 மில்லிமீட்டர் பாதரசம் இருக்கும்போது செறிவு 97, 98. அழுத்தம் 80க்கு இறங்கினாலும் 95க்குக் குறையாது. 60க்கு வரும்போது 90. ஐந்தில் இரண்டு பங்கு அழுத்தம் போன பிறகும் எண்ணில் ஏழெட்டுப் புள்ளிதான் போயிருக்கும். அதற்குப் பிறகு சறுக்குமரம்தான், 40இல் 75. மேடு சமதளமாக நீண்டு, விளிம்பு தாண்டியதும் செங்குத்தாக இறங்குகிற மலையை நினைத்துக்கொள்ளுங்கள். சமதளத்தில் எவ்வளவு தூரம் நடந்துவிட்டோம் என்பது இந்தக் கருவிக்குச் சரியாகத் தெரியாது. விளிம்பு வந்தால்தான் தெரியும்.

மூச்சு ஏன் முன்கூட்டியே ஏறுகிறது என்பது இதைவிட முக்கியம். நுண்ணறையில் பாக்டீரியா பெருகியதும் மேக்ரோபேஜ்கள் தாக்குப்பிடிக்க முடியாமல் ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளை அணுக்களை அழைக்கும். சில மணி நேரத்திலேயே அவை கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். அவை வர வேண்டுமென்றால் ரத்தக்குழாய்ச் சுவர் தளர வேண்டும். சுவர் தளர்ந்தால் நீரும் புரதமும் கூடவே கசியும். காற்று இருந்த இடத்தில் நீரும் சீழும் நிரம்பி அந்தப் பகுதி கல்லீரல் போலக் கெட்டியாகிவிடும். பழைய மருத்துவர்கள் அந்த நிலைக்குப் பெயரே கல்லீரலை வைத்துத்தான் வைத்தார்கள். விறைத்துப்போன நுரையீரலை விரிப்பது கஷ்டம். உள்ளே உள்ள நரம்பு முனைகள் அழற்சியை உணர்ந்து மூளைக்குச் சொல்லும். விலா வலிப்பதால் ஆழமாக இழுக்க முடியாது, சின்னச் சின்ன மூச்சாக எடுக்க வேண்டியிருக்கும். காய்ச்சலில் உடம்பு கேட்கும் ஆக்சிஜனும் கூடிவிடும். எல்லாம் சேர்ந்து மூச்சை வேகப்படுத்தும். அந்த வேகத்தால்தான் செறிவு கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கிறது. அம்மாவின் உடம்பு நிமிஷத்துக்கு 32 மூச்சு உழைத்து அந்த 95ஐ இழுத்துப் பிடித்திருந்தது. உழைப்பை விட்டுவிட்டு வரவை மட்டும் எழுதினால் கணக்கு எப்படிச் சரியாகும்?

நுரையீரலுக்கு இன்னொரு அருமையான தற்காப்பும் உண்டு. காற்று வராத பகுதிக்குப் போகும் ரத்தக்குழாய்கள் தாமாகச் சுருங்கி, ரத்தத்தைக் காற்று வரும் பகுதிக்குத் திருப்பிவிடும். உடம்பின் மற்ற இடங்களில் ஆக்சிஜன் குறைந்தால் குழாய் விரியும், நுரையீரலில் மட்டும் தலைகீழ். 1946இல் வான் ஆய்லரும் லில்யெஸ்ட்ராண்டும் பூனைகளில் இதைக் காட்டினார்கள். இதுவும் எண்ணைக் கொஞ்ச நேரம் தூக்கி நிறுத்தும். ஆனால் அழற்சி முற்றும்போது இந்தச் சுருக்கம் தளர்ந்துவிடும், காற்றே படாத ரத்தம் நல்ல ரத்தத்தோடு கலக்கும். அப்போதுதான் எண் சரசரவென்று இறங்கும்.

எங்களுக்கு அது வழியிலேயே நடந்தது. வண்டியில் ஏறும்போது 94. மருத்துவமனையில் இறக்கி நாலு எட்டு வைத்ததும் 91.

நிமோனியா எவ்வளவு கடுமை என்று மதிப்பிட மருத்துவர்கள் வைத்திருக்கும் ‘கர்ப்-65’ என்ற அளவுகோலில் ஐந்து விஷயங்கள்: மனக்குழப்பம், ரத்தத்தில் யூரியா, நிமிஷத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் மூச்சு, குறைந்த ரத்த அழுத்தம், 65 அல்லது அதற்கு மேல் வயது. செறிவு அந்த ஐந்தில் இல்லை, மூச்சு இருக்கிறது. செறிவு தேவையில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆக்சிஜன் கொடுப்பதா வேண்டாமா என்பதைச் செறிவை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். இரண்டும் வேண்டும்.

எக்ஸ்ரேயில் வலது கீழ்மடல் முழுக்க வெள்ளை. சளியில் நியூமோகாக்கஸ் என்று பிறகு தெரிந்தது. அங்கே மணிக்கட்டுத் தமனியிலிருந்து ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். அதே சமயம் என் கருவியையும் மாட்டிப் பார்த்தேன். கருவி 93 என்றது, தமனி ரத்தம் 90. மூன்று புள்ளி அதிகமாகக் காட்டியிருக்கிறது.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கருமையான தோல் உள்ள ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். தோலில் உள்ள மெலனினும் ஒளியை விழுங்கும். 2020 டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். விரலில் 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் தமனி ரத்தத்தைப் பார்த்தபோது, உண்மையில் 88க்கும் கீழே இருந்தவர்கள் கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம், வெள்ளையரில் 3.6 சதவீதம். கருவி பொய்யாக ஆறுதல் சொன்னது மூன்று மடங்கு பேருக்கு. இத்தனைக்கும் அவை மருத்துவமனைக் கருவிகள். நான் வாங்கிய கருவியின் பெட்டியிலும் கையேட்டிலும் தோலின் நிறத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ‘துல்லியம் கூட்டல் கழித்தல் 2’ என்று மட்டும் போட்டிருக்கிறது. யாருடைய தோலில் சோதித்த துல்லியம் என்று கேட்கும் உரிமை வாங்குகிறவருக்கு உண்டு. இதற்காகவே ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கிறேன்.

தோல் கருமையாக இருந்தால் செய்ய வேண்டியது இதுதான்: உடம்பு நன்றாக இருக்கும்போதே மாட்டிப் பார்த்து, வழக்கமான எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை எண்ணைவிட, அந்த வழக்கத்திலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதுதான் பேசும். எப்போதும் 98 இருப்பவருக்கு 94 வந்தால் அது சும்மா இல்லை. நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு வழக்கமே குறைவாக இருக்கும், அவர்களுக்கு எது எல்லை என்பதை அவரவர் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவைப்பது நல்லது.

சிரை வழியாக ஆன்டிபயாட்டிக், மூக்கில் ஆக்சிஜன் குழாய். மருத்துவமனையில் மூன்றாம் நாள் காலை மூச்சு 22க்கு வந்துவிட்டது, காய்ச்சலும் இல்லை. ஆனால் ஆக்சிஜனை நிறுத்திப் பார்த்தால் செறிவு 91. தம்பி கவலைப்பட்டான். “மருந்து வேலை செய்யலையாக்கா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டான். மருந்து தன் வேலையைச் செய்துவிட்டது, பாக்டீரியா செத்துவிட்டது. ஆனால் நுண்ணறைக்குள் செத்த நியூட்ரோஃபில்களும் கசிந்த நீரும் அப்படியே கிடக்கின்றன. அதை அள்ளும் வேலை மேக்ரோபேஜ்களுடையது. செத்த நியூட்ரோஃபில்களை அவை முழுதாக விழுங்குவதே, ‘சண்டை போதும்’ என்று மற்ற செல்களுக்குச் சொல்லும் செய்தியாகிறது. நுண்ணறைச் சுவரில் இரண்டு வகைச் செல்கள் உண்டு. சிதைந்த சுவரை இரண்டாம் வகைச் செல்கள் பெருகி, முதல் வகைச் செல்களாக மாறிக் கட்டி எழுப்பும். அதற்கு நாள் பிடிக்கும். செறிவு அந்த வேலையின் வேகத்தில்தான் ஏறும். இறங்கும்போதும் இந்த எண் பின்னால் வந்தது, ஏறும்போதும் பின்னால்தான் வந்தது. பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தபோது ஆக்சிஜன் இல்லாமல் 95.

சளி பச்சையாக வந்ததைப் பார்த்து அம்மா பயந்தார். அந்தப் பச்சை நியூட்ரோஃபில்களுக்குள் இருக்கும் மைலோபெராக்சிடேஸ் என்ற நொதியின் நிறம். கிருமியின் நிறம் இல்லை, நம் படையின் நிறம். சாதாரண வைரஸ் சளியிலும் பச்சை வரும் என்பதால், நிறத்தை மட்டும் வைத்து ஆன்டிபயாட்டிக் கேட்கக் கூடாது.

மற்ற சில்லறை விஷயங்கள். விரலை எடுத்ததும் எட்டு நொடியில் தானே அணைந்துவிடுகிறது, அதனால் மூன்று வாரமும் ஒரே ஜோடி பேட்டரி தாங்கியது. 94க்குக் கீழே போனால் கீச்சென்று கத்தும். தூங்குகிறவர் விரலில் மாட்டினால் எழுப்பிவிடும். பொத்தானை அழுத்திப் பிடித்தால் அதை நிறுத்தலாம், அது கையேட்டின் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கிறது. எண்கள் படுக்கையின் மறுபக்கம் நிற்பவருக்கும் படிக்கத் தெரிகின்றன, இது பெரிய வசதி. பழைய அளவுகளைச் சேமித்து வைக்காது. எனக்கு அது குறையாகப் படவில்லை, நோட்டில் எழுதும்போதுதான் பக்கத்தில் மூச்சையும் எழுதத் தோன்றுகிறது.

மூச்சை எண்ணுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. எண்ணப்போகிறோம் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். நான் கருவியை மாட்டிவிட்டு, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நாடி பார்ப்பதுபோல உட்கார்ந்து, வயிறு எழுவதை எண்ணுவேன். “எதுக்குடி அப்படியே பார்த்துட்டிருக்கே?” என்பார் அம்மா. “எண் நிக்கட்டும்மா” என்பேன். கருவி நிலைக்க ஒரு நிமிஷம் ஆகும் என்றேனே, எண்ணுவதற்கும் அதே ஒரு நிமிஷம் சரியாகப் போதும். பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்கினால் தப்பு வரும், முழு அறுபது நொடி வேண்டும். ஓய்வாக இருக்கும் பெரியவருக்கு 12 முதல் 20 வழக்கம். 24, 25 என்று வந்து அங்கேயே நின்றால் நான் இனி காலை வரை காத்திருக்க மாட்டேன்.

குழந்தைகளுக்கு இந்தக் கருவியை வாங்க வேண்டாம். சின்ன விரல் உள்ளே ஆடும், ஒளி பக்கவாட்டில் கசிந்து எண் தாறுமாறாக வரும். அவர்களுக்கென்று தனி அளவில் இருக்கிறது. எதுவும் கையில் இல்லையென்றாலும் மூச்சை எண்ணலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை: இரண்டு மாதத்துக்குள் நிமிஷத்துக்கு 60, ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. அந்த எண்ணிக்கையைத் தொட்டாலே வேகமான மூச்சு. மார்புக்குழி உள்வாங்கினால் எண்ணிக்கொண்டு உட்காராமல் கிளம்ப வேண்டும்.

ஏழாம் வாரம் எக்ஸ்ரே எடுத்தார்கள். வெள்ளை முழுதும் கரைந்திருந்தது. வயதானவர்களுக்கு இவ்வளவு நாள் ஆவது சகஜம் என்று மருத்துவர் சொன்னார். நியூமோகாக்கஸ் தடுப்பூசியும் போட்டாயிற்று. நூறு வகைக்கும் மேல் மேலுறை உள்ள பாக்டீரியா அது, ஒரு வகையோடு போராடி ஜெயித்தது மற்ற வகைகளுக்கு உதவாது என்பதால் நோய் வந்தவருக்கும் ஊசி தேவை.

போன வாரம் தம்பி மகனுக்கு இருமல், லேசான காய்ச்சல். நாலு வயது. கருவி என்னிடம் இருந்தது. எடுத்துக்கொண்டு வரட்டுமா என்று கேட்கக் கூப்பிட்டேன். தம்பி போனை அம்மாவிடம் கொடுத்தான்.

“அது அவன் விரலுக்கு நிக்காதுன்னு நீதானே சொன்னே. தூங்கறப்போ சட்டையைத் தூக்கிவிட்டு முழு நிமிஷம் எண்ணிட்டேன். இருபத்தெட்டு. குழி விழல. அரை மணி கழிச்சு இன்னொரு தரம் பார்க்கறேன், நீ போனை வை.”